ஆள்காட்டி

கஸ்கோ, அக்டோபர் 9

எடெல்மிரா,

போனில் என்னைத் தடுத்துவிட்டாய். உன் அம்மாவைக் கூப்பிட்டால், "அவ ரொட்டி அடுப்புகிட்ட இருக்கா, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறார். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் சிக்குவானி பஸ் ஓட்டும் உன் மாமா கையில் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

நீ அறையைக் காலி செய்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் உன் கட்டிலில் வெறும் மெத்தை. நாலு வருடம் ஒரே அறையில் இருந்தோம், ஒரே சட்டியில் சூப் குடித்தோம். இரண்டு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

நடந்ததை என் வாயால் ஒருமுறை கேள். களப்பணிப் பாடத்துக்கு நாம் சேர்ந்து எழுதிக் கொடுத்த கட்டுரையில், ஆலங்கட்டி மழையை முன்கூட்டிச் சொல்லும் அறிகுறிகள் பற்றிய பகுதி முழுக்கப் பொறியாளர் சோரியாவின் பழைய விவசாயக் கையேட்டில் அப்படியே இருக்கிறதாம். அதே வரிசை, அதே உதாரணங்கள். பேராசிரியர் உகார்த்தே ஒழுங்குக் குழுவுக்குப் புகார் எழுதிவிட்டார். குழு முதலில் என்னைத்தான் கூப்பிட்டது. யார் எந்த வேலையைச் செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். "அந்தப் பகுதிக்குத் தகவல் சேகரித்தவர் எடெல்மிரா ஹுவாங்கா" என்று எழுதிக் கொடுத்தேன். இதில் என்ன பொய் இருக்கிறது? சேகரித்தது நீதானே?

விசாரணை முடியும்வரை உன்னை வகுப்புக்குள் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. 26ஆம் தேதி விசாரணை. வந்துவிடு. அன்றைக்கு மட்டும் உன் நாக்கைக் கொஞ்சம் அடக்கி வை.

யோவானா


சிக்குவானி, அக்டோபர் 12

யோவானா,

கிழிக்கவில்லை. எதிராளி என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரிய வேண்டாமா?

பொய் இல்லையாம்! உன் வாக்குமூலத்தை எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள், அம்மணி. மூன்று தடவை படித்தேன். தகவல் சேகரித்தது நான் என்று எழுதியிருக்கிறாய். அதை ஸ்பானிஷில் எழுதியது யார், கடைசியாகத் திருத்தியது யார், அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று ஒரு வார்த்தை இல்லை. படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சிக்குவானிக்காரி கையேட்டைப் பார்த்துக் காப்பியடித்து வந்தாள், பாவம் அரெகிப்பாப் பெண் நம்பி ஏமாந்துவிட்டாள் என்றுதானே?

அந்தக் கையேட்டை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பகுதியில் இருப்பது மொத்தமும் எங்கள் ஊர்ப் பெரியவர் டான் எவாரிஸ்தோ தன் இரும்புக் கடையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னது. அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்து, எங்கள் கெச்சுவா மொழியில் அப்படியே எழுதி உன்னிடம் கொடுத்தேன். வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஸி' போட்டுப் பேசியிருந்தார் மனுஷன். காற்று திரும்புமாம், மேகம் சிவக்குமாம், பயிர் கருகுமாம். நீ கெச்சுவாவை வகுப்பில் கற்றவள், அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கண்ணால் பார்த்ததற்கு 'மி' போடுவோம், பிறர் சொல்லிக் கேட்டதற்கு 'ஸி' போடுவோம். பால்குடி மறக்காத பிள்ளைகூட இதை மாற்றிப் பேசாது. நீ என்ன செய்தாய்? அத்தனை 'ஸி'யையும் வெட்டி எறிந்தாய். திரும்பும், சிவக்கும், கருகும் என்று ஆக்கிவிட்டாய். ஏதோ நாம் இரண்டு பேரும் வயலில் நின்று பார்த்துவிட்டு வந்த மாதிரி.

இன்னும் இரண்டே பருவம் இருக்கிறது. அது முடிந்தால் இருமொழிப் பள்ளி ஆசிரியை ஆகிவிடுவேன். திருட்டு என்று குழு முடிவு செய்தால் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். அப்புறம் எந்தப் பல்கலைக்கழகமும் என்னைச் சேர்க்காது. வீட்டில் ஸ்ட்ரைக் என்று சொல்லியிருக்கிறேன். நம் பல்கலைக்கழகத்தில் வருடம் தவறாமல் நடப்பதால் அம்மா நம்பிவிட்டார். தினமும் ரேடியோவை வைத்துக்கொண்டு, "எப்போடி முடியும் இந்த ஸ்ட்ரைக்கு?" என்று கேட்கிறார்.

எங்கள் மேட்டில் லெக்கெச்சு என்று ஒரு ஆள்காட்டிப் பறவை இருக்கிறது. யாராவது நடந்து வந்தால் போதும், தலைக்கு மேலே பறந்து ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுக்கும். நம் கட்டுரையிலும் அது வருகிறது. அதைத் தேடி நான் மலை ஏறியிருக்கவே வேண்டாம். பக்கத்துக் கட்டிலிலேயே ஒன்று படுத்திருந்தது.

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள். முழுவதையும் எழுதிக் கொடு. வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

எடெல்மிரா


கஸ்கோ, அக்டோபர் 15

எடெல்மிரா,

ஆள்காட்டி என்று எழுதிவிட்டாய். நன்றாக இருக்கட்டும்.

வெட்டினேன். இல்லை என்று எப்போதாவது சொன்னேனா? ஆனால் நான் மட்டுமா வெட்டினேன்? என் முதல் வரைவில் எல்லாமே இருந்தது. "என்று சொல்கிறார்கள், என்று சொல்கிறார்கள்" என்று வரிக்கு வரி எழுதியிருந்தேன். உகார்த்தே அதைத் திருப்பிக் கொடுத்தபோது எப்படி இருந்தது என்று மறந்துவிட்டதா? ஒவ்வொரு "சொல்கிறார்க"ளையும் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் "யார்?" என்று எழுதியிருந்தார். பக்கம் முழுக்க யார், யார், யார். சந்தைக்குள் உட்கார்ந்து பன்றி வறுவல் தின்றுகொண்டே இரண்டு பேரும் பார்த்தோம். "கிழவருக்கு இந்த வார்த்தையே ஆகலடி, எடுத்துத் தொலை" என்று சொன்னது யார்? நீதான். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. நான் தண்ணீர் வாங்கி வந்தேன்.

இப்போது மட்டும் அது என் கத்தியா?

வாக்குமூலத்தை மாற்று என்கிறாய். மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? முதலில் மறைத்தவள் என்று என்னையும் சேர்த்து வெளியே தள்ளுவார்கள். இரண்டு பேரும் போவதில் உனக்கு என்ன லாபம்? என் அப்பா அரெகிப்பாவில் தெரு முழுக்க என்னை டீச்சர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, எடெல்மிரா. இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது?

இன்னொன்று. கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், கேட்காமல் தூங்க முடியவில்லை. உகார்த்தே குழுவிடம் முக்கியமாகக் காட்டியது அந்தப் பறவையைத்தான். "லெக்கெச்சு நாணலுக்குள் கூடு கட்டினால் அந்த வருடம் ஆலங்கட்டி மழை" என்று நம் கட்டுரையில் இருக்கிறது. அது கட்டாந்தரையில் முட்டையிடும் பறவையாம், நாணல் பக்கமே போகாதாம். சோரியா கையேட்டில் செய்த தப்பு அது. "தப்பு முதற்கொண்டு ஒத்துப் போகுதுன்னா, அது காப்பி இல்லாம வேற என்ன?" என்று கேட்டார்.

நான் நகரத்துக்காரி, எனக்குத் தெரியாது. நீ மேட்டிலேயே வளர்ந்தவள். நாணலில் கூடு என்று நீ எப்படி எழுதுவாய்? உண்மையைச் சொல். அந்தக் கையேட்டை நீ பார்த்தாயா?

யோவானா


சிக்குவானி, அக்டோபர் 19

யோவானா,

உன் கடைசிக் கேள்வியைப் படித்ததும் தாளைக் கசக்கி அடுப்பில் போடப் போனேன். நாலு வருடம் பழகியவள் கேட்கிற கேள்வியா அது? அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். கேள்வி நியாயமானதுதான். நாணலில் கூடு என்று எப்படி என் கை எழுதியது?

பதிவைத் திரும்பக் கேட்டேன். அப்புறம் நேராக டான் எவாரிஸ்தோ கடைக்குப் போனேன். அவரைத்தான் உனக்குத் தெரியுமே. ஆணி நிறுத்துக்கொண்டே ஊர் அரசியல் முழுவதும் பேசுவார், தன்னைப் போல அறிவாளி இந்த மாகாணத்தில் இல்லை என்று நினைப்பு. நம் கட்டுரையில் அவர் பெயர் வரும் இடத்தைப் படித்துக் காட்டினேன். "எவாரிஸ்தோ ச்சாம்பி தம் அனுபவத்தில் கண்டது: லெக்கெச்சு நாணலுக்குள் கூடு கட்டினால்..." அவ்வளவுதான், பெயின்ட் டப்பாவை டொக்கென்று வைத்தார்.

"நான் கண்டேனா? நான் எப்போ கண்டேன்? எந்தப் பைத்தியக்கார லெக்கெச்சு நாணல்ல கூடு கட்டும்?"

"நீங்கதானே டான் எவாரிஸ்தோ சொன்னீங்க."

"கட்டுமாம்னு சொன்னேன்! கட்டுமாம்! காது எங்க போச்சு உனக்கு? கட்டும்னா சொன்னேன்?"

யோவானா, அவர் சொன்னதுதான் சரி. பதிவில் தெளிவாக இருக்கிறது. 'ஸி' போட்டுச் சொல்லிவிட்டு மூக்கால் ஒரு சிரிப்பும் சிரிக்கிறார். பெரிய இவராம், கூடு கட்டுமாம் என்று நாம் சொல்லும்போது இழுப்போமே, அதே இழுப்பு. சிரிப்பை நான் எழுதவில்லை, 'ஸி'யை நீ எடுத்துவிட்டாய். அவர் கிண்டல் பண்ணியதை நாம் அவருடைய கண்டுபிடிப்பாக அச்சடித்துவிட்டோம்.

"அப்படின்னா யாரு சொன்னது?" என்று கேட்டேன். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்து நின்றார். சின்ன வயதில் உள்ளூர் ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி வாசித்தாராம். சோரியாவின் கையேடு ஸ்பானிஷில் இருந்தது. அதை அவரே கெச்சுவாவில் மாற்றி, விடிவதற்கு முன்னால் வாரா வாரம் வாசித்திருக்கிறார். மனப்பாடம் ஆகிவிட்டது. எனக்குச் சொன்னதும் அதையேதான். சொந்தமாகப் பார்த்ததை 'மி' போட்டும், கையேட்டில் வாசித்ததை 'ஸி' போட்டும் பிரித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

"யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இஞ்சினியர் பேரு, புஸ்தகம் பேரு, வருஷம் எல்லாம் சொல்லியிருப்பேன்ல? நீதான் தலைய ஆட்டிக்கிட்டு எழுதிக்கிட்டே இருந்தே. இப்போ ஊருல என்னைப் பாத்து, நாணல்ல கூடு கண்டவன் வர்றான்னு சிரிக்கப் போறானுங்க. என் பேரை அதுல இருந்து எடு!"

கடையில் ஆணி வாங்க நின்றவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மானம் போயிற்று.

வழியெல்லாம் அந்தச் சிவப்பு மைதான் கண்ணில் நின்றது. யார், யார், யார். அவர் அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லவே இல்லையடி. பெயரைக் கேட்டிருக்கிறார். யார் சொன்னது, ஆளைக் காட்டு என்று கேட்டிருக்கிறார். நாம் வாயில் வறுவலை வைத்துக்கொண்டு ஆளையே அழித்துவிட்டோம். நீ மட்டும் இல்லை, நானும்தான். அதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த முதல் வரைவு உன்னிடம்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு குழுவுக்கு முன்னால் வா. கையேட்டைப் பார்த்து யாரும் எழுதவில்லை, கேட்டதைக் கேட்டதாக எழுதாமல் கெடுத்தோம் என்று இரண்டு பேரும் சொல்லுவோம். தப்புதான். திருட்டு இல்லை. என்னிடம் பதிவு மட்டும்தான் இருக்கிறது. குழுவில் பாதிப் பேருக்குக் கெச்சுவா தெரியாது. அவர்களுக்கு 'ஸி' ஏதோ கொசு சத்தம். உன் வரைவு இல்லாமல் நான் என்ன சொன்னாலும் கதை கட்டுகிறாள் என்பார்கள்.

எடெல்மிரா


கஸ்கோ, அக்டோபர் 22

எடெல்மிரா,

நீ சொன்னதை எல்லாம் நம்புகிறேன். கையேடு பற்றிக் கேட்டதற்கு மன்னித்துக்கொள்.

வரைவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அறையில் நிறைய தாள்கள் கிடக்கின்றன. மாணவர் சங்கத்தில் ஒரு சட்டம் தெரிந்த அண்ணனிடம் விசாரித்தேன். முதல் வாக்குமூலத்துக்கு மாறாகப் பேசினால் அதுவே தனிக் குற்றமாம். "வாய மூடிக்கிட்டு இரு, உன் பேரு அதுல இல்ல, எதுக்கு நீயா போய் மாட்டுறே?" என்கிறார்.

நீ பதிவை நன்றாக விளக்கினால் போதும் என்று தோன்றுகிறது. நீ நன்றாகப் பேசுவாய். என்னைக் கட்டாயப்படுத்தாதே. யோசிக்க விடு.

யோவானா


சிக்குவானி, அக்டோபர் 24

யோவானா,

தேட வேண்டாம். அது உன் தலையணைக்குப் பக்கத்துப் பலகையில், பச்சை உறையில் இருக்கிறது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

யோசித்துக்கொள். டான் எவாரிஸ்தோ சொன்னதில் பாதியை வெட்டினோம், மீதி பொய்யாகிவிட்டது. உன் வாக்குமூலத்தில் ஒரு பொய்யும் இல்லை என்கிறாயே, அதிலும் பாதியைத்தான் காணோம். அந்தப் பாதி நீ.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். மாவு பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம், "அந்தப் பொண்ணு எத்தனை தடவை இந்த வீட்டுல சாப்பிட்டிருக்கா" என்றார். அதோடு சரி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

26ஆம் தேதி காலையில் என்னை விசாரிக்கிறார்கள், மதியத்துக்கு மேல் உன்னை. இனி உன்னிடம் எதையும் கேட்கமாட்டேன்.

எடெல்மிரா


கஸ்கோ, அக்டோபர் 26

எடெல்மிரா,

தாழ்வாரத்தில் என்னைப் பார்த்தும் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாய். நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். நீ பஸ் ஏறிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை மாமா நாளைக் காலை வண்டியில் கொண்டுவருவார்.

உள்ளே போகும்வரை என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பச்சை உறை பைக்குள்தான் இருந்தது, ஆனால் எடுப்பேன் என்று முடிவு செய்திருக்கவில்லை. குழுத் தலைவி என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "இதுல சேக்க ஏதாவது இருக்கா? இல்லேன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம்" என்றார். பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன், எடெல்மிரா. வாங்கிவிட்டேன். மேசைமேல் நம் கட்டுரை திறந்து கிடந்தது. முகப்பில் நம் இரண்டு பேர் பெயரும் இருந்தது. அதில் என் பெயர் முதலில் இருந்தது. நீதான் அப்படிப் போடச் சொன்னாய்.

பேனாவை வைத்துவிட்டு உறையை எடுத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பானிஷில் எழுதியது நான், "சொல்கிறார்க"ளை எடுத்தது நான், அதை மறைத்து எழுதிக் கொடுத்ததும் நான். உகார்த்தே வரைவைக் கையில் வாங்கித் தன் சிவப்பு எழுத்தையே வெகு நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"பேரைக் கேட்டேன்மா. யாரு சொன்னா, எங்க சொன்னா, எழுதுங்கன்னுதான் கேட்டேன். வரியவே வழிச்சு எடுத்துட்டீங்களே."

"எங்களுக்குப் புரியல சார். வார்த்தை பிடிக்கலன்னு நினைச்சோம்."

"கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே?"

"நீங்களும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் சார்."

வாய் தவறி வந்துவிட்டது. நாலு வருடம் உன்னோடு இருந்ததில் தொற்றியது. தலைவி மேசையைத் தட்டினார். உகார்த்தே மட்டும் தலையை ஆட்டினார். காலையில் நீ கொடுத்த பதிவை மறுபடி போடச் சொல்லி, அவரே வரிக்கு வரி மற்றவர்களுக்கு விளக்கினார். நாணல் வரி வந்ததும் டான் எவாரிஸ்தோவின் சிரிப்பைக் கேட்டு அவரும் சிரித்துவிட்டார்.

மாலையில் முடிவைப் படித்தார்கள். உன்மேல் திருட்டுப் புகார் இல்லை. மூலத்தைக் குறிப்பிடாத தவறுக்காகக் கட்டுரைக்குப் பூஜ்யம், அந்தப் பாடத்தைத் திரும்ப எழுத வேண்டும். திங்கட்கிழமை முதல் நீ வகுப்புக்கு வரலாம். எனக்கும் அதே பூஜ்யம். அதோடு, குழுவிடம் உண்மையை மறைத்ததற்காக ஒரு வருடம் நீக்கம்.

அழாமல் கேட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அரெகிப்பா பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். அறைச் சாவியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீ வந்து உன் கட்டிலில் படுத்துக்கொள். ஜன்னல் பக்கத்துக் கட்டில் வேண்டுமானால் அதையும் எடுத்துக்கொள்.

யோவானா


சிக்குவானி, அக்டோபர் 27

யோவானா,

மாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பக்கூட இல்லை, அதற்குள் படித்துவிட்டேன். அவரையே நிறுத்தி வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பயணிகள் ஹாரனை அடித்து என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

அம்மாவிடம் முடிவைச் சொன்னேன். அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்து அழுதார். எனக்காக அழுகிறார் என்று நினைத்தேன். "அந்தப் பொண்ணு அவங்கப்பாகிட்ட என்ன சொல்லுவா?" என்று கேட்கிறார்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே. தீரவில்லை. பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை நான் சுலபத்தில் மறக்கமாட்டேன். ஆனால் நான் கேட்டது இரண்டு பேரும் உள்ளே இருக்க வேண்டும் என்று. என்னை உள்ளே விட்டு உன்னை வெளியே தள்ளுங்கள் என்று எவளும் கேட்கவில்லை.

முடிவுத் தாளைத் திருப்பிப் பார்த்தாயா? பார்த்திருக்கமாட்டாய், அழாமல் கேட்கிற மும்முரத்தில் இருந்திருப்பாய். விசாரணைக்கு முன்னால் குழு எனக்கு அனுப்பிய தாளின் பின்புறத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. நீக்கத்தை எதிர்த்து வேலை நாள் ஐந்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். பாதிக்கப்பட்டவர் எழுத்தில் கேட்டுக்கொண்டால் தண்டனையைக் குறைக்கலாம். இந்த விஷயத்தில் பாதிக்கப்பட்டவள் யார்? நான்தான். நான் கேட்கப் போகிறேன். தாள் எடுத்து வைத்துவிட்டேன். உகார்த்தேயிடமும் கையெழுத்துக் கேட்பேன். போடவில்லையென்றால் அவர் அறை வாசலிலேயே உட்கார்ந்துகொள்வேன்.

கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. உனக்கு நம்பிக்கை தருவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

அந்தச் சீட்டை ரத்து செய். திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும்போது நாம் இரண்டு பேரும் வாசலில் நிற்க வேண்டும். குளித்து, தலை வாரி, நல்ல ஸ்வெட்டர் ஒன்று போட்டுக்கொண்டு வா. அழுது வீங்கிய முகத்தோடு வந்தாயானால் நானே உன்னை உள்ளே விடமாட்டேன்.

அம்மா ரொட்டி கட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

எடெல்மிரா